மீனைத் தொடாத பாசி டாக்டர்

எங்கள் மாவட்டத்துக்குக் கடல் இருக்கிறது என்பதை எனக்கு நினைவூட்டியவள் ஒரு நார்வேக்காரி. பெயர் இங்க்ரிட். நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தின் தலைவி. சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்கு ஓரமாக விரலை வைத்து, "இது உன் ஊர்தானே? நீயே போய்த் தண்ணீர் எடுத்துவந்தால் என்ன?" என்றாள். "என் ஊர் விராலிமலை. அங்கே மயில் உண்டு, மலை உண்டு, கடல் கிடையாது" என்றேன். அவள் மறுபடியும் குனிந்து பார்த்து, "ஒரே மாவட்டம் என்றுதானே போட்டிருக்கிறது?" என்று கேட்டாள்.

நார்வேயில் ஒருவர் ஒரு மாவட்டத்துக்காரர் என்றால் அங்குள்ள பாறை ஒன்று விடாமல் ஏறி இறங்கியிருப்பார். நானோ என் மாவட்டத்துக் கடலை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்தில் சுற்றுலா என்றால் குன்றாண்டார்கோவில் குடைவரைக்கு அழைத்துப்போய்ப் புளியோதரை கொடுத்துத் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். கடல் என்பது ராமேஸ்வரத்தில், வேண்டுதல் இருந்தால் மட்டும் பார்க்க வேண்டிய பொருள் என்றே வளர்ந்தேன். அதைச் சொன்னால் மானம் போகும் என்பதால், "சரி, போகிறேன்" என்று ஒப்புக்கொண்டேன்.

என் வேலையைப் பற்றி இரண்டு வார்த்தை. கடலில் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் கோடிக்கணக்கில் மிதக்கின்றன. நாம் இழுக்கும் மூச்சில் பெரும் பங்கு அவை தந்தது, நல்ல பிள்ளைகள். அவற்றில் ஊசி வடிவத்தில், கண்ணாடி ஓட்டுக்குள் வாழும் ஒரு வகை மட்டும் சில சமயம் விஷம் தயாரிக்கும். அந்தப் பாசியைச் சிப்பியோ நண்டோ சிறு மீனோ தின்று, அதை மனிதர் தின்றால், மூளையின் நரம்புகள் தாறுமாறாகத் தூண்டப்பட்டு நினைவே தப்பிப்போகலாம். எப்போதாவதுதான் நடக்கும் என்றாலும் நடந்தால் விளையாட்டில்லை. எந்த மரபணுவைக் கொண்டு பாசி இதைச் செய்கிறது, அந்த மரபணு எப்போது விழித்துக்கொள்கிறது என்று பார்ப்பதுதான் எனக்குச் சம்பளம் தரும் வேலை.

விராலிமலையில் ஓர் இரவு அம்மா கையால் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் தெர்மகோல் பெட்டியும் தோள்பையுமாகப் புறப்பட்டேன். புதுக்கோட்டையில் பஸ் மாறும்போது கண்டக்டர் பெட்டியைப் பார்த்ததுமே கையை நீட்டித் தடுத்தார்.

"மீன் பெட்டின்னா மேல போடுங்கம்மா. உள்ள நாறும்."

"மீன் இல்லைங்க. காலிப் பெட்டி."

"காலியா? எங்கிட்டுப் போறீங்க?"

"மணமேல்குடிப் பக்கம். கடலுக்கு."

"அப்ப வரும்போது மேல போடுங்க" என்று வழிவிட்டார். மீன் அல்லாத காரியத்துக்கு ஒருவர் அந்தப் பக்கம் பெட்டியோடு போவார் என்று அவர் நினைக்கவே இல்லை. நார்வேயில் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரிடம் பேசினால் அவருக்கு ஏதோ உடம்பு சரியில்லை என்று அர்த்தம். இங்கே என்னோடு ஏறிய ஓர் அம்மா அறந்தாங்கி வருவதற்குள் என் சம்பளம், கல்யாணம், விவாகரத்து மூன்றையும் கேட்டு முடித்துவிட்டார். அறந்தாங்கிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பெரியவர், இடம் இல்லாததால், என் பெட்டியையே ஸ்டூலாக நினைத்து உட்கார்ந்தார். மூடி இரண்டாகப் பிளந்தது. "அப்பளம் மாதிரி இருக்கேம்மா, நல்ல பெட்டியா வாங்கக் கூடாது?" என்று அவர்தான் என்னைக் கடிந்துகொண்டார். செல்போன் கடையில் டேப் வாங்கி ஒட்டிக்கொண்டு அடுத்த பஸ் பிடித்தேன்.

நான் தங்கிய ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

தங்கியது சம்சுதீன் பாய் வீட்டில். வளைகுடாவில் என் அண்ணனோடு ஒரே அறையில் பல வருடம் இருந்தவர். இப்போது ஊரோடு வந்து மீன் ஏலக் கமிஷன் கடை வைத்திருக்கிறார். பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. அந்த வார வெள்ளிக்கிழமை அவர் மகள் ஆயிஷாவுக்கு நிச்சயம். மாப்பிள்ளை வீட்டார் அறந்தாங்கியிலிருந்து வருகிறார்கள். வீட்டில் வெள்ளையடித்த வாசனை போகவில்லை. "நல்ல நேரத்துல வந்தீங்க. இருந்து சாப்பிட்டுத்தான் போகணும்" என்றார். அவர் மனைவி மெகருன்னிசாவை எல்லோரும் ராத்தா என்கிறார்கள், அக்கா என்பது போல. நானும் அப்படியே கூப்பிட்டேன்.

கை கழுவிவிட்டு உட்கார்ந்தேன். ராத்தா ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்தார். விளமீன் வறுவல். நண்டு மசாலா. கணவாய்த் தொக்கு. இறால் போட்ட கத்தரிக்காய். விடியற்காலையிலிருந்து எனக்காக அடுப்படியில் நின்றிருக்கிறார் என்பது அவர் முகத்தின் வியர்வையிலேயே தெரிந்தது.

இங்கேதான் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் வீடு சுத்த சைவம். மீனை ஆய்ந்து, அரைத்து, வடிகட்டி, அதன் ஈரலுக்குள் என்ன விஷம் இருக்கிறது என்று மில்லிகிராம் கணக்கில் சொல்லத் தெரிந்த நான், மீனை வாயில் வைத்ததில்லை. நார்வேயில் இதை யாரிடமும் பளிச்சென்று சொல்வேன். அவர்களும் தோளைக் குலுக்கிவிட்டு ரொட்டியையும் பழுப்பு நிறச் சீஸையும் என் பக்கம் தள்ளுவார்கள். ஆனால் ராத்தாவின் அந்த முகத்தைப் பார்த்து எனக்கு வாய் வரவில்லை. நம் ஊரில் இப்படிப்பட்ட நேரத்தில் எல்லோரும் சொல்வதையே நானும் சொன்னேன்.

"வயிறு கொஞ்சம் சரியில்ல ராத்தா. ரசம் இருந்தாப் போதும்."

"அடடா! பஸ்ல வந்த சூடாத்தான் இருக்கும்" என்று அவர் ரசம் வைக்க ஓடினார். அதோடு ஓமத்தண்ணீரும் வந்தது. குடித்தேன். பிறகு ஒரு கிண்ணத்தில் பாலும் சர்க்கரையும் சேர்த்து உறையவைத்த கடல்பாசி வந்தது. சிவப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் அதே பொருளைத்தான் ஆய்வகத்தில் தட்டுகளில் ஊற்றிக் கிருமி வளர்க்கிறோம். இத்தனை வருடமாக அதை வெறும் வேலைப் பொருளாகவே பார்த்திருக்கிறேனே என்று வருத்தப்பட்டுக்கொண்டே மூன்று கிண்ணம் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை கடலுக்குள் போனோம். வள்ளம் ஓட்டியவர் செல்லக்கிளி என்பவரின் கணவர். செல்லக்கிளி கரையில் ஏலம் எடுத்த மீனை அன்னக்கூடையில் வைத்து பஸ் ஏறி அறந்தாங்கியில் தெருத்தெருவாக விற்கிறவர். அன்று மீன் கம்மி என்பதால் வேடிக்கை பார்க்கத் தானும் ஏறிக்கொண்டார். இந்தப் பக்கத்துக் கடலுக்கு அலையே கிடையாது. குளம் போலக் கிடக்கிறது. நார்வேக் கடல் எப்போதும் யாரையோ திட்டிக்கொண்டிருக்கும். இது சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தது. முதல் பார்வையிலேயே எனக்குப் பிடித்துப்போயிற்று. இத்தனை வருடம் பக்கத்திலேயே இருந்தும் வந்து பார்க்கவில்லையே என்று உண்மையாகவே வெட்கமாக இருந்தது.

நான் பட்டுத்துணி போன்ற மெல்லிய வலையை இறக்கியதும் வள்ளக்காரர் சிரித்தார். "இதுல என்னத்தம்மா பிடிப்பீங்க? கொசுவா?"

வலையின் அடிக் குப்பியில் சேர்ந்த தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்து, செல்போனில் மாட்டும் சின்ன நுண்ணோக்கியில் காட்டினேன். நல்ல வேளையாக ஆள் இருந்தது. முனையோடு முனை ஒட்டிக்கொண்டு வரிசையாக நகரும் கண்ணாடி ஊசிகள். செல்லக்கிளி கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"அழகாத்தான் இருக்கு. இதுவா விஷம்?"

"விஷம் செய்யத் தெரிஞ்ச சாதி. ஆனா எப்பவும் செய்யாது."

"தெரியும்னா செய்யாம இருக்குமா?"

"ஒங்களுக்கு அதிரசம் சுடத் தெரியும்ல? தெனமும் சுடுறீங்களா?"

"தெனமும் யாரு சுடுவா? தீவாளிக்குத்தான்."

"அதே மாதிரிதான். அதுக்கும் ஒரு தீவாளி வரணும்."

"அதோட தீவாளி எப்பவாம்?"

"தண்ணில அதுக்கு வேண்டிய சத்துக் கொறையும்போது. பாஸ்பேட்டுனு ஒரு உப்பு, அது இல்லாமப் போச்சுன்னா ஆரம்பிச்சிரும்."

"சோறு இல்லாதப்பப் பலகாரமா? நல்ல கூத்தா இருக்கே!" என்று செல்லக்கிளி சிரித்த சிரிப்பில் வள்ளம் ஆடியது.

ஆனால் கேட்டது சரியான கேள்வி. பஞ்ச காலத்தில் ஏன் இந்த வேண்டாத வேலை என்று எங்களுக்கும் முழுதாகத் தெரியாது. எப்படிச் செய்கிறது என்பதுதான் தெரியும். அந்தப் பாசியின் மரபணுத் தொகுதியில் நான்கு மரபணுக்கள் ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகள் போல உட்கார்ந்திருக்கின்றன. முதல் மரபணு சொல்லி உருவாகும் நொதி இரண்டு சாதுவான பொருள்களை ஒட்டவைக்கிறது. ஒன்று, ஃப்ரைடு ரைஸில் போடும் அஜினோமோட்டோவில் இருக்கும் அதே அமிலம். நம் உடம்பிலும் நிறைய உண்டு. இன்னொன்று, எலுமிச்சைப் புல்லின் வாசனைக்கு உறவான ஒரு பொருள். சுவையும் வாசனையும்! தனித்தனியாக இருந்தால் யாருக்கும் கெடுதல் இல்லை. அடுத்த வீட்டு மரபணுக்களின் நொதிகள் அந்த ஒட்டுப்பொருளைக் கொஞ்சம் திருத்தி, வளையமாக மூடிவிட்டால் விஷம் தயார். மூன்று மரபணுக்களின் வேலை தெரிந்துவிட்டது. நான்காவது என்ன செய்கிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. ஆய்வகத்தில் என்னைப் பற்றியும் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன்.

மரபணு இருப்பதும் அது வேலை செய்வதும் வேறு வேறு. மரபணு அலமாரியில் இருக்கும் சமையல் புத்தகம். சமைக்க வேண்டும் என்றால் வேண்டிய பக்கத்தை மட்டும் ஒரு தாளில் நகல் எடுத்து அடுப்படிக்குக் கொண்டுபோவது பாசியின் வழக்கம். அந்த நகலுக்கு ஆர்.என்.ஏ. என்று பெயர். நகல் எத்தனை எடுக்கப்பட்டிருக்கிறது என்று எண்ணினால் சமையல் நடக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடலாம். ஆனால் நகல் சீக்கிரம் சிதைந்துபோகும். அதனால் தண்ணீரை வடிகட்டிய கையோடு, எல்லாவற்றையும் அப்படியே நிறுத்திவைக்கும் ஒரு திரவத்தில் போட்டு டேப் ஒட்டிய பெட்டியில் அடுக்கினேன். அந்த முடிவையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நார்வே திரும்பிப் பார்த்ததில் நான்கு மரபணுக்களும் இருந்தன. நகல் அநேகமாக இல்லை. புத்தகம் அலமாரியில் தூசி படிந்து கிடந்தது. அந்த வாரம் அந்தக் கடலில் யாரும் அடுப்பே பற்றவைக்கவில்லை. ஆனால் இது எனக்குத் தெரிவதற்கு முன்பே கரையில் வேறு ஓர் அடுப்பு பற்றிக்கொண்டுவிட்டது.

அன்று மதியமும் விளமீன் வந்தது. "இன்னும் சரியாகல ராத்தா" என்றேன். மறுபடி ரசம், மறுபடி ஓமத்தண்ணீர், மறுபடி கடல்பாசி. அடுத்த நாளும் அதே. ஓமத்தண்ணீர் நெஞ்சை எரித்தது. பொய் சொன்னதற்கு அதுவே தண்டனை என்று எடுத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை ஏலம் பார்க்கக் கரைக்குப் போனேன். எனக்கு முன்னால் நின்ற இரண்டு பெண்கள் நான் இருப்பது தெரியாமல் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"பாய் வீட்டுக்கு வந்திருக்கே விஷப் பாசி டாக்டரு, அது மீனத் தொடவே இல்லயாம்."

"தின்னு வயித்தால போயிருச்சுன்னுல்ல சொன்னாங்க?"

"வயிறெல்லாம் நல்லாத்தான் இருக்கு. கிண்ணங் கிண்ணமாக் கடல்பாசி திங்குதாம். மீன மட்டும் தொடலன்னா என்னா அர்த்தம்? தெரிஞ்சுதான் தொடல!"

எனக்குக் காது சூடாகிவிட்டது. ஏலம் கூறியவர் குரல் ஏறவே இல்லை. பாறை மீன் குவியல் குவியலாகக் கிடக்க, வியாபாரிகள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். செல்லக்கிளி என்னைப் பார்த்ததும் நேராக வந்தார். வள்ளத்தில் கேட்ட சிரிப்பு இல்லை.

"நேத்து அறந்தாங்கில ஒரு தெருவுலயும் வாங்கல. கூடையோட திரும்பி வந்தேன். 'விஷம் செய்யத் தெரியும்'னு நீங்க சொன்னத நானும் ஒரு வாய் பேசிட்டேன். ஏம்மா, நெசமாவே மீன்ல ஏதும் இருக்கா?"

இருக்கவே இருக்கிறது விஞ்ஞானம் என்று பைக்குள் கைவிட்டேன். விஷம் இருக்கிறதா என்று அங்கேயே காட்டும் சோதனைப் பட்டைகள் சில கொண்டுவந்திருந்தேன். எல்லோரையும் கூப்பிட்டேன். இரண்டு நண்டு, ஒரு பாறை மீன், கொஞ்சம் சிப்பி எடுத்து நசுக்கி, திரவத்தில் கலந்து, பட்டையில் சொட்டு சொட்டாக விட்டேன். கூட்டம் மூச்சுப் பிடித்துக்கொண்டு நின்றது. "பாருங்க, எல்லார் கண்ணு முன்னாடியும் தெரியும்" என்று தெரு வித்தைக்காரர் போலச் சொன்னேன். சற்று நேரத்தில் முதல் பட்டையில் இரண்டு சிவப்புக் கோடுகள் பளிச்சென்று விழுந்தன. எனக்கு நிம்மதியில் சிரிப்பு வந்தது.

"அய்யய்யோ, ரெண்டு கோடு!" என்று யாரோ கத்தினார்கள்.

கொரோனா காலத்தில் இரண்டு கோடு விழுந்தால் என்ன என்று நாட்டில் குழந்தைக்கும் தெரியும். அதற்கு முன்பிருந்தே கல்யாணமான பெண்களுக்கெல்லாம் இரண்டு கோட்டின் பொருள் தெரியும். என் பட்டை மட்டும் நேர் எதிர். அதில் விஷம் இருந்தால் ஒரு கோடு மறைந்துவிடும். இரண்டும் விழுந்தால் பயப்பட ஒன்றும் இல்லை. இதை முதலில் சொல்லிவிட்டுச் சொட்டு விட்டிருக்க வேண்டும். பிறகு தொண்டை கிழியச் சொன்னேன். அடுத்தடுத்த பட்டைகளிலும் இரண்டிரண்டு கோடாக விழ, ஒவ்வொன்றுக்கும் கூட்டம் "அடுத்ததும் ரெண்டு!" என்று பின்வாங்கியது. நல்ல முடிவை இவ்வளவு மோசமாக யாரும் அறிவித்திருக்க மாட்டார்கள்.

வீட்டுக்கு வந்து சம்சுதீன் பாயையும் ராத்தாவையும் உட்காரவைத்து உண்மையைச் சொன்னேன். பிறந்ததிலிருந்து சைவம் என்றும், சமைத்துவைத்ததைப் பார்த்துச் சொல்ல மனம் வரவில்லை என்றும். ராத்தா வாயில் கையை வைத்துக்கொண்டார்.

"அல்லாவே! அதுக்காகவா மூணு நாளா ஓமத்தண்ணி குடிச்சே? ஒரு வார்த்த சொன்னா சாம்பாரு வச்சிருக்க மாட்டேனா?"

அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் உடனே எழுந்து முருங்கைக்காய் இருக்கிறதா என்று பார்க்கப் போனதுதான் தாங்கவில்லை. அழுதுவிட்டேன்.

பாய் கையிலிருந்த போனைக் காட்டினார். "மாப்பிள்ள வீட்ல இருந்து போன் வந்துச்சு. அவங்க தெருவுலதான் செல்லக்கிளி மீன் விக்கிறது. 'நாளைக்கு மீனா, கறியா'ன்னு கேக்குறாங்க. வேணாம்னு சொல்லல. கேக்குறாங்க, அவ்வளவுதான்."

"கறியே போட்டுருங்களேன் பாய்" என்றேன்.

"போடலாம். கடக்கரை வீட்டுல, அதுவும் கமிஷன் கடைக்காரன் வீட்டுல, நிச்சயத்துக்கு மீன் இல்லன்னா, ஆமா எங்க மீனு விஷம்தான்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. அப்பறம் செல்லக்கிளி கூடைய யாரு தொடுவா? மீனுதான்."

"அப்ப நான் சாப்பிடுறேன். எல்லார் முன்னாடியும்."

அவர் பெரிய கையை ஆட்டினார். "அது தப்பும்மா. எங்க மீன் விக்கணும்ங்கறதுக்காக ஒங்க வழக்கத்த ஒடைக்கச் சொல்ல நாங்க யாரு? நீங்க பொம்பளைங்களோட சஹன்ல ஒக்காருங்க. ஒக்காந்தாப் போதும். மத்ததுக்கு அல்லா இருக்கான்."

சஹன் என்பது பெரிய வட்டத் தட்டு. நடுவில் சோற்றைக் குவித்து, மேலே பதார்த்தங்களை வைத்து, சுற்றி நான்கு பேர் உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுகிற வழக்கம். நார்வேயில் பிறந்தநாள் கேக்கைக்கூட ஆளுக்குத் தனித்தட்டில் அளந்து வைப்பார்கள். இங்கே முன்பின் தெரியாத நான்கு கைகள் ஒரு குன்றை நான்கு பக்கமும் குடைய வேண்டும்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து விருந்து. என் சஹனில் மாப்பிள்ளையின் அம்மா, பெரியம்மா, அக்கா. நெய்ச்சோற்றின் மேல் முழு விளமீன்கள் பொன்னிறமாகக் கிடந்தன. ஓரமாக நண்டு. எனக்காக ராத்தா ஒரு கிண்ணத்தில் தால்ச்சா என்னும் பருப்புக் குழம்பும் தனியாக வைத்திருந்தார். கறி போடாமல் கத்தரிக்காயும் மாங்காயும் மட்டும் போட்டது. மீனில் யாரும் கை வைக்கவில்லை. பக்கத்துச் சஹன்களிலும் பேச்சு அடங்கிவிட்டது. கதவோரம் ஆயிஷா புதுப் புடவையில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணின் நல்ல நாள் என் வாயைப் பொறுத்து நிற்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளையின் அம்மா மெல்லிய உடம்பு, கூரான கண். சுற்றி வளைக்காமல் கேட்டார். "நீங்கதான் பாசி டாக்டரா? மொதல்ல நீங்க எடுங்க."

"நான் சைவம்மா. பொறந்ததுலேருந்து மீன் சாப்பிட்டதில்ல. மீன்ல ஒரு கெடுதலும் இல்ல. நானே சோதிச்சுப் பாத்தேன்."

"ரெண்டு கோடு விழுந்துச்சாமே."

"அந்தப் பட்டைல ரெண்டு கோடு விழுந்தா நல்லதும்மா."

"நார்வேல இருக்கீங்களாம். அங்கிட்டு மீனுதான் சோறுன்னு எங்க மகன் சொல்றான். மீன் திங்காம அங்கிட்டு எப்பிடி இருந்தீங்க?"

அவர் குரலில் வம்பு இல்லை. தன் வீட்டாரைச் சாப்பிடவைக்கும் முன் ஒரு தாய் கேட்கும் கேள்விதான். என்னிடம் இருந்ததோ உண்மை ஒன்று மட்டும். மூன்று நாள் பொய் சொன்ன வாயிலிருந்து வந்ததால் அதற்கும் மதிப்பில்லாமல் போயிற்று.

அப்போது என் போன் அடித்தது. அம்மா. நான் உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு வீடியோவில் கூப்பிட்டு "சாப்பிட்டியா?" என்று கேட்காமல் அவருக்குச் சோறு இறங்காது. துண்டிக்கப் போனேன்.

"யாரு, அம்மாவா? குடுங்க" என்று மாப்பிள்ளையின் அம்மா போனை வாங்கித் தண்ணீர்ச் செம்பில் சாய்த்துவைத்தார். "அம்மா, சலாம். நாங்க மாப்பிள்ள வீடு. ஒங்க மக மீன் திங்காதாமே, நெசமா?"

அம்மாவுக்கு எதிரே இருப்பவர் யார், எதற்கு இந்தக் கேள்வி என்றெல்லாம் கவலையே இல்லை. குறை சொல்ல ஆள் கிடைத்தால் போதும்.

"அத ஏன் கேக்குறீங்க போங்க! அந்தக் குளிர்ல சைவம்னா செத்துருவடீ, மீனு முட்டைன்னு எதையாவது தின்னு தொலைன்னு நானே சொல்லிட்டேன். கேக்குறாளா? இந்த முருகன் சாட்சியாச் சொல்றேன், தயிர்சோறும் ஊறுகாயும்தான். ஒடம்பப் பாருங்க, எலும்பாக் கெடக்கு. சின்னப்புள்ளைல பக்கத்து வீட்ல கருவாடு வறுத்தா இவ எங்க வீட்ல வாந்தி எடுப்பா. இவ போயி மீனப் படிக்கப் போறேன்னப்ப அவுக அப்பா ஒரு வாரம் சிரிச்சாரு!"

மாப்பிள்ளையின் அம்மா முதலில் சிரித்தார். பெரியம்மா தொடர்ந்தார். பக்கத்துச் சஹனில் ஒருவர் புரையேறி இருமினார். "கருவாட்டுக்கே வாந்தியா! இது எங்கிட்டு மீனத் தொடும்?" என்று யாரோ சொல்ல, கூடம் முழுக்கச் சிரிப்பு. மாப்பிள்ளையின் அம்மா பிஸ்மி சொல்லி, விளமீனின் முதுகிலிருந்து ஒரு பெரிய துண்டைப் பிட்டு வாயில் வைத்தார். மென்றார். "ராத்தா, எங்கிட்டு வாங்குன மீனு? நேத்துத்தான் கடல்ல நீந்துன மாதிரி இருக்கு" என்றார். கதவோரம் ஆயிஷா முகத்தை மூடிக்கொண்டாள். ஆண்கள் பக்கத்திலிருந்து சம்சுதீன் பாயின் பெரிய சிரிப்புக் கேட்டது.

பிறகு என்னை யாரும் கவனிக்கவில்லை. மாப்பிள்ளையின் அக்கா நண்டுக் காலை உடைத்துக்கொண்டிருந்தாள். பெரியம்மா செல்லக்கிளியிடம் நாளையிலிருந்து வழக்கம்போல வீட்டுக்கு மீன் கொண்டுவரச் சொல்லிக்கொண்டிருந்தார். செல்லக்கிளியும் விருந்துக்கு வந்து இரண்டு சஹன் தள்ளி உட்கார்ந்திருந்தார். நான் என் பக்கத்துச் சோற்றைத் தால்ச்சாவில் பிசைந்து சாப்பிட்டேன். அவர்கள் மூவரும் குடையக் குடையக் குன்று சரிந்து, மசாலா ஒட்டிய சின்ன மீன் துண்டு ஒன்று என் பக்கம் உருண்டு வந்து நின்றது. விரலால் தள்ளிவிட்டிருக்கலாம். இத்தனை வருடம் அப்படித்தான் செய்துவந்திருக்கிறேன். ஆனால் இப்போது அதைச் சாப்பிட்டு யாரையும் நம்பவைக்க வேண்டிய அவசியம் இல்லை. ராத்தா மூன்று நாளாக எனக்காக வறுத்து, நான் மூன்று நாளாகத் தள்ளிவிட்ட மீன் அது. அந்த நினைப்புத்தான் முன்னால் நின்றது. எடுத்து நெய்ச்சோற்றோடு சேர்த்து வாயில் வைத்தேன். மிளகு, எலுமிச்சை, கொஞ்சம் உப்புக் கடல்.

"கோமதி!"

செம்பில் சாய்த்துவைத்த போனை யாரும் அணைக்கவில்லை. திரை முழுக்க அம்மாவின் முகம். அவர் பின்னால் காலண்டரில் முருகன், சற்று முன் சாட்சிக்கு அழைக்கப்பட்டவர்.

"என்னடி அது வாயில?"

மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அம்மா கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் விட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் வந்தார். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"முள்ளு இருக்கும்டி" என்றார். "பாத்துத் தின்னு."